ஃபார்மேட் போடும் முன்: வீட்டுக் கணினி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிகின்றன: "கடையில் ஃபார்மேட் போடச் சொல்கிறார்கள், போடலாமா அக்கா?" பாளையங்கோட்டையில் சர்வீஸ் கடை வைத்திருப்பவள் என்கிற முறையில் சொல்கிறேன். ஃபார்மேட் போடுவது கடைக்காரருக்குச் சுலபம், ஒரு மணி நேர வேலை. உள்ளே இருந்த படங்களும் கணக்கும் கடிதங்களும் போனால் போனதுதான். கணினியை நாளைக்கே வேறு வாங்கலாம். ஆகவே எந்தக் கோளாறு என்றாலும் முதலில் கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள், அப்புறம் ரிப்பேரைப் பார்க்கலாம்.

விண்டோஸ் 10 காலாவதி ஆகிவிட்டது, புதுக் கணினிதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். என்னுடையது 2016இல் வாங்கியது. ஐ3, ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். பென்ஷன், வங்கிக் கணக்கு, பேரனோடு வீடியோவில் பேச்சு, அவ்வளவுதான் உபயோகம். ஆன் செய்தால் திரை வருவதற்குள் காபி குடித்து முடித்துவிடுகிறேன். என்ன செய்யலாம்?
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தேனி

ஐயா, அவர் சொன்னதில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. அதற்காகக் கணினி ஓடாமல் போகாது. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். அது எவ்வளவு ஆபத்து என்பதை 2017 மே மாதம் பார்த்தோம். வான்னாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளும், அப்டேட்டே கிடைக்காத பழைய விண்டோஸ்களும்தான் மாட்டின.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், அதில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கேட்காது. இணைப்பு தெரியவில்லை என்றால் முதலில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸ் 11 உங்கள் கணினிக்கு வராது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதை ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் போட்டுத் தருபவர்கள் உண்டு. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் அது வேண்டாம்.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் வயசு இல்லை, சுழலும் ஹார்டு டிஸ்க். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று நிற்கும். சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி, 256 ஜிபியில் ஒன்றை வாங்கி, பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அதற்குக் குளோன் செய்யச் சொல்லுங்கள். போர்டு எந்த ரேமை ஏற்கும் என்று பார்த்து இன்னொரு 4 ஜிபி சேர்க்கட்டும். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள், உங்கள் கோப்புகளுக்கு அதுவே ஒரு பிரதி.

நீட்டிப்பு முடிந்த பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் பாருங்கள். இலவசம். பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிரவுசரில் நடக்கிற உங்கள் வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

வீட்டின் முன்பக்கம் நான்கு ஓவர்லாக் மெஷின் ஓடுகிறது. பக்கத்திலேயே கணினி வைத்துக் கணக்கு எழுதுகிறேன். மதியத்துக்கு மேல் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. வைரஸ் என்று ஃபார்மேட் போட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே கதை.
பின்னலாடைத் தொழில் செய்பவர், திருப்பூர்

காலையில் ஓடி மதியம் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. அதுவும் உங்கள் ஊரில், மெஷினுக்குப் பக்கத்தில்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிபியு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். போர்டு நடுவில் ஒரு சின்ன ஃபேன் இருக்கும். அதற்கு அடியில் அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பிராசஸரின் சூடு அந்தத் தகடுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மேலே இருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகவே தெரியும். ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். தகடுகளின் தலையில் பனியன் துணியின் பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரே பாளமாக உரிந்து வரும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று அதைத் தாண்டி இறங்காது. பிராசஸர் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் கணினியை அணைத்துவிடும். ஃபார்மேட் போட்டதில் பஞ்சு எங்கே போகும்?

பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் கெட்டுப்போகும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம், அதன் பிளாஸ்டிக் குழாயில் உருவாகும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். பிராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து மாவாகியிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்கச் சொல்லுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்கள் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரன்ட் தங்கியிருக்கும்.

கணினியைத் தரையிலிருந்து ஒரு ஸ்டூல் உயரத்துக்கு ஏற்றி, மெஷினுக்கு எதிர்ச் சுவரோரமாக வையுங்கள். மாதம் ஒரு முறை ஊதினால் போதும். கணக்குக் கோப்பை வாராவாரம் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். திடீர் திடீரென்று அணைகிற கணினியில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்புதான் முதலில் கெடும்.

சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, கணினி பூட்டப்பட்டுவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு குரல் கத்தியது. மைக்ரோசாஃப்ட் என்று போட்டு ஒரு போன் நம்பர். என் கணவர் கூப்பிட்டுவிட்டார். தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்க விடுகிற எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போடச் சொன்னார்கள், போட்டோம். உள்ளே வந்து நூற்றுக்கணக்கான பிழைகளைக் காட்டிப் பணம் கேட்டார்கள். பயந்து வயரைப் பிடுங்கிவிட்டோம். பணம் தரவில்லை. இப்போது ஆன் செய்யவே பயம்.
இல்லத்தரசி, நாகர்கோவில்

வயரைப் பிடுங்கினீர்களே, அதைவிடச் சரியான காரியம் அந்த நேரத்தில் வேறு எதுவும் இல்லை அம்மா.

நீங்கள் பார்த்தது வைரஸே இல்லை. அது ஓர் இணையப் பக்கம். விளம்பரம் வழியாக வந்து திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும், பதிவு செய்த குரலை ஓட்டும். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், அப்புறம் பிரவுசரை மூடிவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது.

அவர்கள் காட்டிய சிவப்புப் பிழைகள் ஈவன்ட் வியூவர் என்ற பதிவேட்டில் இருப்பவை. நன்றாக ஓடுகிற கணினியிலும் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஏதாவது ஒரு புரோகிராம் ஒரு நொடி தாமதமாகத் தொடங்கினால்கூட அங்கே ஒரு வரி ஏறும். என் கடைக் கணினியைத் திறந்தாலும் அதேதான் தெரியும். பார்ப்பவர் மிரள வேண்டும் என்பதற்காகவே அதைத் திறந்து காட்டுகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் வீட்டு வைஃபை மோடத்தை ஆஃப் செய்துவிட்டுக் கணினியை ஆன் செய்யுங்கள். செட்டிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். எனிடெஸ்கையும், அன்றைய தேதியில் ஏறிய மற்ற எதையும் நீக்குங்கள். பிறகு வைஃபையை ஆன் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைக் கொடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் போல ஆகும்.

இதற்கிடையில் போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இமெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் இமெயில் வழியாக மாற்றிவிட முடியும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் அங்கே போட்டுவிடுங்கள். பிரவுசரில் வங்கிப் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தால் அதையும் மாற்றி, வங்கிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

மற்ற வாசகர்களும் கவனியுங்கள். இப்படிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாளைத் தள்ளாதீர்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் கணக்கு மாறிக் கணக்கு போவதற்குள் புகார் போனால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று, ஏமாந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டவரை வீட்டில் யாரும் திட்ட வேண்டாம். திட்டு வாங்குவோம் என்ற பயத்தால்தான் பலர் மறைக்கிறார்கள், மறைக்கிற நேரத்தில்தான் பணம் கைமாறுகிறது.

கல்யாண போட்டோகிராபர் நான். எடிட்டிங் மென்பொருளின், பணம் கட்டாமல் ஓட்டும் கிராக் பதிப்பை யூடியூப் லிங்க்கிலிருந்து இறக்கினேன். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். மறுநாள் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து, ஒன்றும் திறக்கவில்லை. ரீட்மீ என்று ஒரு கோப்பு, 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 என்கிறது. ஆல்பம் கொடுக்காத கல்யாணங்கள் இருக்கின்றன அக்கா.
பொள்ளாச்சி வாசகர்

தம்பி, ஃபார்மேட் போடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். வைரஸ் உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறது. பணம் கட்டினால் திறக்கும் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கணினியைத் தொடுவதற்கு முன்னால் கேமராவின் மெமரி கார்டுகளைத் தேடி எடுங்கள். அந்தக் கல்யாணங்களுக்குப் பிறகு அவற்றில் வேறு எதுவும் எடுத்திருக்கிறீர்களா? எடுக்கவில்லை என்றால் பெரிய நம்பிக்கை இருக்கிறது. கேமராவில் சாதாரணமாக ஃபார்மேட் செய்யும்போது பெரும்பாலும் படங்களின் பட்டியல்தான் அழியும். படங்கள் மேலே வேறு எழுதப்படும்வரை கார்டிலேயே கிடக்கும். ஆகவே அந்தக் கார்டுகளில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். வேறொரு நல்ல கணினியில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மீட்டுப் பாருங்கள். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். கொஞ்சம் எடுத்துவிட்டிருந்தாலும் முயற்சி செய்யுங்கள், மேலே எழுதப்படாத பகுதியில் இருப்பவை வரும்.

அப்புறம், உங்கள் படங்கள் வேறு யாரிடம் போயின என்று உட்கார்ந்து எழுதுங்கள். ஆல்பம் லேப், வீடியோ எடிட்டர், கூட வந்த இரண்டாவது கேமராக்காரர், தேர்வு செய்ய மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியவை. எல்லோருக்கும் இன்றே போன் போட்டு, எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனிப் பூட்டிய கோப்புகள். நீங்கள் சொல்லும் தொகையையும் ரீட்மீ கோப்பையும் வைத்துப் பார்த்தால் ஸ்டாப் டிஜேவியூ வகை மாதிரி தெரிகிறது. கிராக் மென்பொருள் வழியாகவே பரவிய வைரஸ் அது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளம் இருக்கிறது. பூட்டிய கோப்பு ஒன்றிரண்டையும் அந்த ரீட்மீயையும் அதில் ஏற்றினால் என்ன வகை, திறக்கும் கருவி உண்டா என்று சொல்லும். ரீட்மீயின் அடியில் ஒரு நீளமான அடையாள எண் இருக்கும். அது டி, 1 என்று முடிந்தால், பூட்டும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் உள்ளே இருந்த பொதுச் சாவியைப் பயன்படுத்தியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவற்றில் சிலவற்றுக்குச் சாவி கிடைத்திருக்கிறது. வேறு மாதிரி முடிந்தால் இப்போதைக்குத் திறக்க வழியில்லை. ஆனாலும் பூட்டிய கோப்புகளையும் ரீட்மீயையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். குற்றவாளிகளின் சாவிகள் பிற்பாடு வெளியே வந்த சம்பவங்கள் உண்டு.

வீடியோக்களை மட்டும் தனியாகப் பாருங்கள். இந்த வைரஸ் வேகமாக முடிப்பதற்காக ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் பூட்டுகிறது. பல ஜிபி உள்ள வீடியோவில் மீதி அப்படியே இருக்கும். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் தலைப்பகுதியைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு அந்தக் கணினிக்கு ஃபார்மேட் போடுங்கள். இங்கே அது அவசியம். இந்த வைரஸ் பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் பல நேரம் கூடவே கூட்டி வரும். ஆகவே இமெயில், வங்கி, இன்ஸ்டாகிராம் என எல்லாப் பாஸ்வேர்டையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். கிராக் பக்கம் இனிமேல் போகவே வேண்டாம். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிற எந்த மென்பொருளும் உங்களுக்கு நல்லது செய்ய வந்ததில்லை. படங்களை எடிட் செய்யும் கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம், பழக ஒரு மாதம் ஆகும். பழகுங்கள்.

கல்யாணம் முடிந்த அன்று ராத்திரியே, கார்டை அழிக்கும் முன், இரண்டு வெளி டிஸ்க்குகளில் பிரதி எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருக்கும் டிஸ்க்கையும் வைரஸ் சேர்த்துப் பூட்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பிறர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நடந்த நாள் உங்கள் கையில் இருக்கிறது தம்பி.

ஜிமெயில், கல்லூரித் தளம் எதுவுமே டெஸ்க்டாப்பில் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது. அதே வைஃபையில் போனில் வருகிறது. கரன்ட் போய் வந்தால்தான் இப்படி.
கல்லூரி மாணவி, கரூர்

திரையின் வலது ஓரத்தில் தேதியைப் பாரும்மா. பல வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு தளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழை அனுப்புகிறது. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உன் கணினி இன்னும் பழைய வருடத்திலேயே நிற்பதால், வருகிற சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரிகின்றன.

காரணம் போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி. சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றும் முன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையைத் திறந்து, டிஸ்க், பூட் சம்பந்தப்பட்ட பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள். பேட்டரியைக் கழற்றினால் அவை மாறிப்போய் விண்டோஸ் எழாமல் போகலாம், அப்போது படத்தைப் பார்த்துத் திருத்தலாம். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி ஓரத்தில் இருக்கும் கிளிப்பை விலக்கினால் துள்ளி வெளியே வரும். புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி அழுத்து. தேதியைச் சரி செய். முடிந்தது.

வேகம் கூட்டும் 'கிளீனர்' மென்பொருள் எது நல்லது? எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?
வாசகர், விழுப்புரம்

கிளீனர் எதுவுமே வேண்டாம். 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே விஷமிகள் கைவரிசை காட்டி, அதன் சொந்தத் தளம் வழியாகவே பரப்பினார்கள். விண்டோஸோடு வரும் டிஃபென்டரை அணைக்காமல், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் வீட்டுக்கு அது போதும்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்ததிலிருந்து பென்டிரைவில் எல்லாமே ஷார்ட்கட்டாகத் தெரிகிறது.
வாசகர், மயிலாடுதுறை

கோப்புகள் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால்தான் வைரஸ் உங்கள் கணினிக்குள் வரும், அதைத் தொடாதீர்கள். முதலில் டிஃபென்டரால் பென்டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். தேவையான ஆவணங்களை மட்டும் நகல் எடுத்துவிட்டுப் பென்டிரைவுக்கு ஃபார்மேட் போடுங்கள். இனிமேல் கடைக்கு என்று தனியாக ஒரு பென்டிரைவ், அதில் அன்றைக்கு வேண்டிய பிடிஎஃப் மட்டும். கடைக் கணினியில் ஆதாரையோ பாஸ்புக்கையோ இறக்கியிருந்தால் அழித்துவிட்டு, இமெயிலிலிருந்து வெளியேறிவிட்டு வாருங்கள்.

என் கணவர் மூன்று மாதம் முன்பு தவறிவிட்டார். அவருடைய லேப்டாப் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. ஃபார்மேட் போட்டால் ஓடும் என்கிறார்கள். வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.
வாசகி, தஞ்சாவூர்

அம்மா, ஃபார்மேட் போட்டால் லேப்டாப் ஓடும், உள்ளே இருப்பது நிரந்தரமாகப் போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அந்த எண் இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. இது பிட்லாக்கர் என்ற பூட்டு. இப்போது வரும் பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கும்போது இது தானாகவே போடப்படுகிறது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

நல்ல செய்தி, அப்படித் தானாகப் பூட்டும்போது சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். அவர் போனில் இருக்கும் இமெயில் முகவரிகளைப் பாருங்கள். அதில் எது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்று கண்டுபிடித்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் அவர் நம்பருக்கோ இன்னொரு இமெயிலுக்கோ குறியீடு வரும். உள்ளே போனதும் சாதனங்கள் பக்கத்தில் பிட்லாக்கர் சாவி இருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். அதே கணக்கின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவையும் திறந்து பாருங்கள், படங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே அங்கே இருக்கக்கூடும். அது அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் சாவி அவர்களின் கணினிப் பிரிவில் இருக்கும், கேளுங்கள். கடன், இன்ஷூரன்ஸ் விவரங்களுக்காக லேப்டாப் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இறப்புச் சான்றிதழோடு வங்கிக் கிளையையும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தையும் நேரில் பாருங்கள்.

இதற்கெல்லாம் அவருடைய போன் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் இல்லாமல் நெடுநாள் விட்டால் நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், பிறகு குறியீடும் அந்தப் புதியவருக்குத்தான் போகும். லேப்டாப்பை அலமாரியில் வைத்துவிட்டு, இன்றைக்கு அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யுங்கள்.